நனையாத பீரோ

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரை)



"அன்றாட வாழ்வுக்குப் பயன்படும் கணினி மென்பொருள்கள்" என்று செயலாளர் அண்ணாச்சி எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார். நான் குலசேகரன்பட்டினத்துக்காரன். 2024 பிப்ரவரி 28-இல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து, ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லோரும் ராக்கெட் பற்றித்தான் கேட்கிறார்கள். இலங்கையைச் சுற்றி வளைந்து போகாமல் தெற்கே நேராகக் கடல்மேல் அனுப்பலாம் என்பதால் எங்க ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. நான் இன்று பேசப்போவது பீரோவைப் பற்றி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை உடைத்து வந்தது. ஏரலில் என் சித்தப்பா வீட்டில் இடுப்பளவு தண்ணீர். சித்தப்பாவும் சித்தியும் மாடிக்கு ஏறித் தப்பினார்கள். பீரோவின் அடித்தட்டில் இருந்த காகிதம் அத்தனையும் ஊறிப் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு நான் போனபோது, மொட்டை மாடியில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்ட மாதிரி பத்திரம், பட்டா, மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் காய்ந்து கொண்டிருந்தன.

ஒவ்வொன்றாகத் தேட உட்கார்ந்தோம். பட்டா, சிட்டா நகலை அரசின் இணையச் சேவையில் எடுத்துவிட்டோம். வீட்டுப் பத்திரத்துக்குப் பதிவுத்துறை இணையத்தில் வில்லங்கம் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டோம். ஆதார், ஓட்டுநர் உரிமம் இவற்றுக்கு டிஜிலாக்கர் இருக்கிறது. மத்திய அரசு 2015-இல் தொடங்கியது. செலவு ஒன்றும் கிடையாது. அதில் ஒரு நுட்பம் உண்டு; படித்தவர்களே தவறவிடுகிறார்கள். வழங்கிய துறையிலிருந்தே நேராக அதில் வந்து சேரும் ஆவணத்துக்கு மூல ஆவணத்துக்கு நிகரான மதிப்பு உண்டு என்று 2017-இல் விதி வந்தது. நாமாகப் போட்டோ எடுத்து ஏற்றிவைத்தது வெறும் நகல்தான். இரண்டும் அதற்குள் தனித்தனிப் பகுதியாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உள்ளே நுழையவே எங்களுக்கு நாலு நாள் ஆயிற்று. சித்தப்பாவின் ஆதாரில் இருந்தது எப்போதோ விட்டுவிட்ட பழைய செல் நம்பர். ஓ.டி.பி. யாருக்கோ போய்க்கொண்டிருந்தது! ஆதார் மையத்துக்கு நேரில் போய் நம்பரை மாற்றிய பிறகுதான் வழி திறந்தது. சாப்பாட்டு வேளையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் போன் போட்டு, ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று கேளுங்கள்.

இவ்வளவு செய்தும் சித்தப்பா முகம் தெளியவில்லை. "ஏலே, பத்திரம் போனா ஆபீஸ்ல போய் வாங்கிக்கிடலாம். கடை நோட்டு போச்சே, அதை எந்த ஆபீஸ்ல கேக்கது?" என்றார். பலசரக்குக் கடை. யார் எவ்வளவு பாக்கி என்பது அந்த ஒரு நோட்டில்தான். மைப் பேனாவில் எழுதியது மொத்தமும் கரைந்து நீலமாக நின்றது. பால்பாயின்ட் பேனாவில் எழுதிய சில பக்கங்கள் மட்டும் தப்பின. வந்து தாமாகக் கணக்குச் சொன்னவர்களும் உண்டு, சொல்லாதவர்களும் உண்டு. அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தானே. யாரைப் போய்க் கேட்பது?

எந்த அரசு அலுவலகத்திலும் நகல் இல்லாத காகிதம்தான் நம் வீட்டில் அதிகம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கணக்கு நோட்டு, டாக்டர் சீட்டு, தாத்தா எழுதிய கடிதம். பத்து வருஷமாகக் கம்ப்யூட்டரிலேயே வேலை பார்க்கிறவன் நான். என் வீட்டுக் காகிதத்தில் ஒன்றைக்கூட அதுவரை ஸ்கேன் செய்திருக்கவில்லை.

சித்தப்பாவிடம் எக்செல் கற்றுக்கொள்ளச் சொன்னால் நடக்குமா? நோட்டுதான் எழுதுவேன் என்றார். சரி என்று விட்டுவிட்டோம். இரவு கடை அடைத்ததும் தங்கச்சி அன்றைய பக்கத்தைப் போனில் ஸ்கேன் செய்துவிடுவாள். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவுக்குள்ளேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. ஐபோனில் நோட்ஸ் செயலியில் இருக்கிறது. தனியாக எதையும் வாங்க வேண்டாம். ஒரு நிமிஷ வேலை. மாதக் கடைசியில் பாக்கித் தொகையை மட்டும் லிப்ரே ஆபீஸ் கணக்குத் தாளில் ஏற்றுகிறாள். அதுவும் இலவசம்தான்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறோம். "புதுசு", "புதுசு 2", "கடைசி", "உண்மையான கடைசி" என்று என் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. சிரிக்கிறீர்கள், உங்களிடமும் இருக்கும். ஆண்டை முதலில் போடுங்கள், பிறகு மாதம், பிறகு நாள்: 2024-03-15 கரண்ட் பில். பெயரை இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாகப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து 15-ஆம் தேதியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். மார்ச் என்றால் 3 அல்ல, 03. வெறும் 3 என்றால் சில இடங்களில் 10-க்குப் பின்னால் போய் நிற்கும்.

அடுத்தது காப்பு. மணப்பாட்டில் படகில் போகும் என் கூட்டாளி ஒருவன், மீன் படும் பார்களை ஜி.பி.எஸ். கருவியில் குறித்து வைத்திருந்தான். பல வருஷத்துத் தேட்டம். ஒருநாள் கருவி கை நழுவிக் கடலில் போயிற்று. ஆனாலும் அவனுக்கு நஷ்டம் கருவியின் விலை மட்டும்தான். எண்களை எல்லாம் வீட்டில் ஒரு நோட்டிலும் எழுதி வைத்திருந்தான். எஞ்சினியர்கள் இதை மூன்று, இரண்டு, ஒன்று என்போம்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். என்னுடையவை போனில் ஒன்று, வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இணையத்தில் ஒன்று.

பாஸ்வேர்டுக்குப் பிட்வார்டன் வைத்திருக்கிறேன், இலவசம். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைத்திருப்பவர்களிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

கடைசியாக நம் சங்கத்துச் சங்கதி ஒன்று. பழைய விழா மலரின் முகவரிப் பட்டியல் ஒரு சி.டி.யில் இருக்கிறது என்று போன மாதம் அண்ணாச்சி எடுத்துத் தந்தார். திறந்தால் ஒரு எழுத்துத் தமிழ் இல்லை. "அம்மா" என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது. பாமினி எழுத்துரு! அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக. எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை. 1991-இல் வந்த யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாடு அரசு 2010-இல் அதை ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட காலத்தில் அடித்த மலர், ஆண்டறிக்கை, மனு எல்லாம் எத்தனை வீட்டில் இப்படி முடங்கிக் கிடக்கின்றனவோ.

என்.எச்.எம். கன்வர்ட்டரில் போட்டதும் எழுத்துகள் தமிழுக்குத் திரும்பின. இரண்டு இரவு உட்கார்ந்து சரிபார்த்தோம். அதில் நம் விடுதி மெஸ் மாஸ்டரின் ஊர் முகவரியும் இருந்தது. கடிதம் போட்டோம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி வரை கம்ப்யூட்டர் லேபில் மடிக்கணினியோடு இருப்பேன். பழைய சி.டி., பிளாப்பி எதுவானாலும் கொண்டு வாருங்கள். பிளாப்பி டிரைவ் ஒன்று கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.