வாட்போட்டிக்குப் புறப்படுமுன்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பார்சல் ஆபீசில் எடை போட்டுச் சீட்டு எழுதும் இவனுக்கு வாட்போரைப்பற்றி என்ன தெரியும் என்று தங்களிற் சிலர் நகைக்கக்கூடும். நியாயமே. நான் வாள் பிடித்தவனல்லன், வாட்பையைச் சுமந்தவன். என் மகள் நான்கு ஆண்டுகளாக இந்நாகபுரியில் அவ்வித்தையைப் பயின்று வருகிறாள். பிள்ளைகளைப் போட்டிக்கு ஆயத்தம் செய்வது எப்படி என்று பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் செய்யத் தவறியதைச் சொன்னாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

ஃபாயில், எப்பே, சேபர் என மூவகை வாள்கள் உண்டு. என் மகளுடையது எப்பே. எதிரியின் உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கே முனை பட்டாலும் புள்ளிதான். முனையில் ஒரு சிறு பொத்தான், அதனுள்ளே சுருள்வில். பொத்தான் அழுந்தினால் விளக்கு எரியும். ஆட்டத்திற்கு முன் நடுவர் வாளை நிமிர்த்தி, முனைமேல் 750 கிராம் எடைக்குண்டை வைத்துச் சோதிப்பார். அழுந்திய பொத்தானை, அக்குண்டின் பாரத்தோடு சுருள்வில் மேலே தள்ள வேண்டும். தள்ளாத வாள் ஆட்டத்திற்கு ஆகாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்கு முதல் நாள் இரவு, "சாமான்களை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கம்மா" என்றேன். வாள்கள் இரண்டையும் பளபளவென்று துடைத்து வைத்தேன். முனையைச் சோதிக்கத் தோன்றவில்லை. மறுநாள் முதல் வாள் குண்டைத் தள்ளவில்லை, மஞ்சள் அட்டை. மாற்று வாளும் தள்ளவில்லை. சிவப்பு அட்டை, எதிரிக்கு ஒரு புள்ளி. கத்தி வீசுமுன்பே கணக்கு ஒன்றுக்குப் பூஜ்யம்! வேற்றூர்ச் சிறுமி ஒருத்தி தன் வாளை இரவல் கொடுத்தாள். ஐந்து புள்ளி ஆட்டத்தில் என் மகள் நான்கு எடுத்துத் தோற்றாள். நாள்தோறும் ஊரார் மூட்டைகளைக் கிலோ பிசகாமல் நிறுக்கும் நான், என் வீட்டு வாளை நிறுத்துப் பார்க்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மறுவாரமே எடைக்குண்டு ஒன்று வாங்கினோம். இப்போது போட்டிக்கு மூன்று நாள் முன்னதாகவே கூடத்தில் பையை விரித்துவிடுவோம். வாள் இரண்டு, உடைக்குள் செல்லும் மின்கம்பி இரண்டு, முகமூடி, கையுறை, மார்புக் காப்பு, சட்டை, கால்சட்டை, முழங்கால் வரை காலுறை, டப்பாவில் திருகாணிகளும் திருப்புளியும். நான் பட்டியலைப் படிப்பேன், சோதிப்பவள் அவளே. தன் கையால் சோதித்த வாள் என்றால் பாதிப் பயம் தீர்ந்துவிடுகிறது. மனத்தின் ஆயத்தம் வேறு, சாமான்களின் ஆயத்தம் வேறு என்று நான் எண்ணியிருந்தது தவறு.

அடுத்தது நேரம். நம் சென்னைப் பெண் பவானி தேவி, பதினான்காம் வயதில் துருக்கியில் தம் முதற் சர்வதேசப் போட்டிக்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்தமைக்குக் கறுப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். மூன்று நிமிடத்தை நம் இலாகாவில் தாமதம் என்று எவர் சொல்லுவார்! அவரே 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள் வீசிய முதல் இந்தியரானார்; முதல் ஆட்டத்தில் 15-3 என வென்றார், அடுத்ததில் 7-15 எனத் தோற்றார். 2023இல் ஆசியப் போட்டித்தொடரில் வெண்கலமும் பெற்றார்.

தாய்மார்கள் மன்னிக்க வேண்டும்: போட்டியன்று காலையில் பூரி மசாலா வேண்டாம். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். ஆட்டங்கள் மாலை வரை நீளக்கூடும்.

களத்தில் நிற்கும்போது என்ன நினைப்பது? பயிற்சியாளர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததையே சொல்லுகிறேன். எப்பேயில் இருவர் முனையும் ஏறக்குறைய ஒரே கணத்தில் பட்டால் இருவருக்கும் புள்ளி. ஆகவே நான்குக்கு மூன்று என முந்தியிருப்பவள் இரட்டைத் தொடுதலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பிந்தியிருப்பவளுக்கோ அதுவே தோல்வி. முந்தினால் என்ன செய்வது, பிந்தினால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். களத்தில் யோசிக்க நேரமிராது. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் தன் கோட்டிற்குத் திரும்பி, மூச்சை முழுதும் வெளிவிட்டு, எதிரியின் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். கணக்குப் பலகையைப் பார்க்கலாகாது. அன்று அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன புள்ளி என்னால் போனது. அதை மீட்கப் போய் மற்றவற்றையும் இழந்தாள்.

பெற்றோருக்கும் ஓர் ஆயத்தம் உண்டு: வாயை மூடியிருப்பது. நான் முன்பெல்லாம் தமிழ், இந்தி, மராத்தி ஆகிய மும்மொழியிலும் கூவுவேன். "அப்பா, உங்கள் குரல் கேட்டால் கை நடுங்குகிறது" என்று ஒருநாள் சொன்னாள். இப்போது கடைசி வரிசையில் அமர்ந்து தண்ணீர்க் குப்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அது எளிதாக இல்லை.

அடுத்த போட்டிக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. ஞாயிறன்று மாலை எங்கள் குவார்ட்டர்ஸில் பையை விரிப்போம். காலனிக் குழந்தைகள் வந்து பார்க்கலாம். முகமூடியை அணிந்தும் பார்க்கலாம். வாளை மட்டும் என் மகளைக் கேட்டுத்தான் தொட வேண்டும், நான் உட்பட.