பக்கத்திரையில் ஒரு குரல்



நாடகமன்றத்தில் சேர விரும்பும் இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்து யோசனை கேட்பதுண்டு. அவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எனக்கு என்ன பாத்திரம் கிடைக்கும்?" இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1967ஆம் ஆண்டு ஞாபகத்துக்கு வரும். அப்போது எனக்கு வயது 17. வலிகாமத்திலுள்ள எங்கள் ஊர் வாசிகசாலையின் படியில் நானும் அந்தக் கேள்வியோடுதான் ஏறினேன். எனக்குக் கிடைத்த பதிலைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

பிழைப்புக்காக அன்றி, விருப்பத்தின் பேரில் நாடகமாடுவோரைப் பயில்முறைக் கலைஞர் என்கிறோம். பகலில் ஆசிரியராக, எழுதுவினைஞராக, கடைச் சிப்பந்தியாக இருப்பவர் இரவில் அரசனாகவோ அமைச்சராகவோ ஆகிறார். தமிழில் இத்தகைய மன்றங்களுக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபாவை நிறுவினார். 'கூத்தாடி' என்பது வசைச்சொல்லாக வழங்கிய காலம் அது. படித்தவர்களும் உத்தியோகத்தர்களும் அரிதாரம் பூசி மேடையேறுவது அந்நாளில் சிறிய காரியமன்று. அந்தச் சபாவினர் 1911இல் இலங்கைக்கும் வந்து நாடகமாடினர். இங்கே கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள் பம்மலைத் தமது குருவாக வரித்துக்கொண்டார். கொழும்பில் லங்கா சுபோத விலாச சபா எழுந்தது. ஷைலொக் வேடத்தில் கலையரசு அடைந்த புகழ் இன்றும் பேசப்படுகிறது. அவருடைய 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற நூல் 1968இல் வெளிவந்தது. நம்மவரின் நாடக முயற்சிகளை அறிய விரும்புவோர் அதனைத் தேடிப் படித்தல் நன்று.

இந்த வரலாற்றில் நடிகர்களின் பெயர்கள் நிற்கின்றன. எழுதியவர், நெறிப்படுத்தியவர் பெயர்களும் ஓரளவு நிற்கின்றன. திரை இழுத்தவர், விளக்குக்குக் காற்றடித்தவர், வசனம் எடுத்துக் கொடுத்தவர் பெயர்களைக் காண்பது அரிது. என்னுடைய பேச்சு அவர்கள் பக்கத்தைச் சேர்ந்தது.

நான் வாசிகசாலைக்குப் போன அன்று, ஆசிரியர் ஒருவர் தாம் எழுதிய சமூக நாடகத்துக்கு ஆள் தெரிவு செய்துகொண்டிருந்தார். சீதனக் கொடுமையைப் பற்றிய நாடகம். என்னையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். உச்சரிப்பில் பிழையில்லை. ஆனால் எதிரே பத்துப் பேர் இருந்து பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்ததும் என் குரல் உள்ளே போய்விட்டது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "தம்பி, உமக்குப் பாத்திரம் இல்லை. உம்முடைய வாசிப்பு நல்லாயிருக்கு. கொப்பி பிடியும்" என்றார்.

கொப்பி பிடிப்பது என்றால், பக்கத்திரைக்குப் பின்னால் மறைந்திருந்து, நடிகர் வசனத்தை மறந்தால் எடுத்துக் கொடுப்பது. வீட்டுக்குப் போனதும் அம்மா, "என்ன வேசமடா தந்தவை?" என்று ஆவலோடு கேட்டா. நான் பதில் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அந்நாளில் பிரதி எடுக்கும் வசதிகள் எங்கள் ஊரில் இல்லை. முழு நாடகமும் ஆசிரியரின் கையெழுத்தில் ஒரேயொரு கொப்பியில் இருந்தது. நடிகர்கள் ஒவ்வொருவரும் தம்முடைய வசனத்தையும், அதற்கு முன் பேசுபவரின் கடைசி இரண்டு மூன்று சொற்களையும் மாத்திரம் தனித் தாளில் எழுதிக்கொள்வார்கள். ஆகவே நாடகத்தில் நடித்த 8 பேரில் எவரிடமும் முழு நாடகம் இருக்கவில்லை. அது ஆசிரியரிடமும் என்னிடமுமே இருந்தது. இதன் பெறுமதி எனக்கு அப்போது விளங்கவில்லை.

தகப்பன் பாத்திரத்தை ஏற்றவர் சுருட்டுத் தொழிலாளி. அவருக்கு எழுத்து வாசிப்பு அதிகம் இல்லை. சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையையோ கதைப் புத்தகத்தையோ உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுருட்டுச் சுற்றியபடி கேட்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அண்ணை அப்படிக் கேட்டுப் பழகியவர். ஞாயிறுதோறும் நான் கொட்டிலுக்குப் போய் அவருடைய வசனங்களை வாசிப்பேன். கை புகையிலையில் இருக்கும், உதடு மெல்ல அசையும். மூன்று கிழமையில் அவருக்கு முழுவதும் பாடமாகிவிட்டது. எழுத்தறிந்த நடிகர்கள் அப்போதும் தாளைப் பார்த்துத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள்.

வாசிகசாலை ஆண்டு விழாவன்று நாடகம் மேடையேறியது. பனங்குற்றி நட்டுப் பலகை பரப்பிய மேடை, வாடகைக்கு எடுத்த சீன், இரண்டு பெற்றோமக்ஸ் விளக்கு. மேடையில் 8 பேர் என்றால், மேடைக்குப் பின்னால் நாங்கள் 17 பேர். நான் பக்கத்திரைக்குப் பின்னால், மடியில் கொப்பியோடும் கையில் ரோச் லைற்றோடும் குந்தியிருந்தேன்.

நாலாவது காட்சியில் மாப்பிள்ளை வீட்டார் சீதனத் தொகையைக் கூட்டிக் கேட்கிறார்கள். தகப்பன் பதில் சொல்ல வேண்டும். அண்ணை பேசவில்லை. நான் மனதுக்குள் மூன்று வரை எண்ணினேன். அவர் மறந்துவிட்டார் என்று முடிவு செய்து முதற்சொற்களை எடுத்துக் கொடுத்தேன். பதற்றத்தில் குரல் கூடிவிட்டது. முன்னால் பாயில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது. ஒரு பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல, சபை சிரித்தது. நாடகத்தின் மிகத் துயரமான இடம் அது.

நாடகம் முடிந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். ஏச்சு விழும் என்று எண்ணியிருந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நான் மறக்கேல்லை. பெட்டையின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். நீ கொப்பியைப் பாத்துக்கொண்டிருந்திட்டாய். என்ரை மூச்சையெல்லே பாக்கவேணும்."

நேயர்களே, நாடகத்தைப் பற்றி நான் பெற்ற முதலாவது பாடம் இது. மறந்தவனுக்கும் மௌனமாக நிற்பவனுக்கும் வேறுபாடு உண்டு. மறந்தவனின் கண் பக்கத்திரையைத் தேடும். அவன் மூச்சு மேலே நிற்கும், விரல்கள் உடுப்பைப் பிடிக்கும். மௌனமாக நிற்பவனின் கண் எதிரே நிற்பவரை விட்டு அகலாது. அவனுடைய மூச்சு ஆறுதலாக இருக்கும். முன்னவனுக்கு இரண்டு சொல் போதும். அதிகம் கொடுத்தால் அவன் இன்னும் குழம்புவான். பின்னவனுக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது. இதைக் கவனிக்க வேண்டுமானால் கண் மேடையில் இருக்கவேண்டும். கண் மேடையில் இருக்கவேண்டுமானால் கொப்பி மனதில் இருக்கவேண்டும். அடுத்த மேடையேற்றத்துக்கு முன் நான் முழு நாடகத்தையும் பாடமாக்கிக்கொண்டேன். கொப்பி மடியில் மூடியபடியே இருந்தது.

மட்டக்களப்புக் கூத்திலே இந்த வேலைக்கு இருக்கும் இடத்தைப் பின்னாளில் அறிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அங்கே ஏட்டண்ணாவியார் ஏட்டோடு களரியில் எல்லோரும் காணவே நிற்கிறார். அவரை மறைக்கவேண்டும் என்று எவரும் நினைப்பதில்லை. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று கூத்துப் பழகும் ஒவ்வொரு கட்டமும் ஊருக்குத் தெரிந்த காரியம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களில் பேராதனையில் கூத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்ததும், குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கியதும் நாடகத்தைப் பற்றிய எங்கள் எண்ணத்தை விரிவாக்கின. நாடகம் ஒரு கூட்டுக் கலை என்பதை நாங்கள் சொல்லிப் பழகினோம். அது எவ்வளவு உண்மை என்பதைக் காலம் வேறு விதமாகக் கற்பித்தது.

எங்கள் நாடகம் பல ஊர்களில் மேடையேறியது. பின்னர் ஆசிரியர் காலமானார். கொப்பியை உடுப்புகளோடு சேர்த்து, வாசிகசாலைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, அவரவர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டார்கள். அரிசி எடுத்தோம், உறுதிகளை எடுத்தோம், பிள்ளைகளின் சான்றிதழ்களை எடுத்தோம். நாடகக் கொப்பியை யார் நினைப்பார்? மழைக்குள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்தச் சனத்துக்குள் நானும் ஒருவன். 1996இல் திரும்பி வந்தபோது வாசிகசாலைக்குக் கூரை இல்லை. பெட்டகமும் இல்லை. சுருட்டுக் கொட்டில் அண்ணை இடம்பெயர்ந்த இடத்திலேயே கண்ணை மூடிவிட்டார்.

2003இல் வாசிகசாலையைத் திருத்திக் கட்டிய இளைஞர்கள், திறப்பு விழாவுக்கு அந்தப் பழைய நாடகத்தையே போட விரும்பினார்கள். கனடாவிலும் இலண்டனிலும் இருந்த பழைய நடிகர்களுக்கு எழுதிக் கேட்டார்கள். அவர்களும் ஆசையோடு எழுதி அனுப்பினார்கள். ஆனால் ஒவ்வொருவரிடமும் இருந்தது தம்முடைய வசனமும் முன்னவரின் கடைசிச் சொற்களுந்தான். அவற்றை எப்படி அடுக்குவது என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகள் தாள்களோடு என்னிடம் வந்தார்கள்.

11 இரவுகள் நான் சொல்லச் சொல்ல, ஒரு மாணவி எழுதினாள். எனக்கே வியப்பாக இருந்தது. யார் எங்கே தடுமாறினார்களோ, அந்த இடங்களெல்லாம் எழுத்துப் பிசகாமல் வந்தன. மாறாக, எவரும் ஒருபோதும் மறக்காத இடங்கள் சில எனக்கு வரவில்லை. மகள் பாத்திரத்துக்கு ஒரு பாட்டு இருந்தது. அதைப் பாடிய பையன் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. ஆகவே நான் அதைக் காத்து வைத்திருக்கவில்லை. ஐம்பது வயது தாண்டிய அந்தப் 'பெண்' ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் பாடிக்காட்டினார். மாணவி எழுதிக்கொண்டாள். குரல் தடித்திருந்தது, ஒரு சொல்லும் தவறவில்லை. தகப்பனின் வசனம் மட்டும் எனக்கு முழுமையாக வந்தது. அதைக் கொட்டிலில் இருந்து வாசித்தவன் நானல்லவா?

நாலாவது காட்சிக்கு வந்தோம். மாப்பிள்ளை வீட்டார் தொகையைக் கூட்டிக் கேட்கும் இடம். நான் பேசாமல் இருந்தேன். மாணவி பேனையை நிறுத்தி, "மாமா, மறந்துபோச்சோ?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை. இதிலை அவர் கொஞ்சநேரம் பேசமாட்டார். எடுத்துக் குடுக்கவேண்டாம் எண்டு ஓரத்திலை எழுதிவிடு" என்றேன். அவள் அப்படியே எழுதினாள். அந்த வரி ஆசிரியரின் கொப்பியில் இருந்ததில்லை. அது அண்ணையின் வரி.

இன்று ஒரு நாடகப் பிரதியைக் கைத்தொலைபேசியில் பத்துப் பேருக்கு ஒரு நொடியில் அனுப்பிவிடலாம். கொப்பி தொலைந்துபோகும் என்ற பயம் பெரிதும் நீங்கிவிட்டது. ஆயினும் மன்றங்கள் தொலைந்துபோகின்றன. பாத்திரம் கிடைக்காதவர் மறுநாள் வருவதில்லை. பாத்திரம் கிடைத்தவர் தமது காட்சி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார். 8 பேர் நடிக்க ஆயத்தமாக இருந்தும், மற்ற 17 பேர் இல்லாமையால் நின்றுபோன நாடகங்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே, நாடகமன்றத்தில் சேர நினைக்கும் தம்பி தங்கையருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. ஒத்திகைக்கு நேரத்துக்குப் போங்கள். என்ன பாத்திரம் கிடைக்கும் என்று கேட்பதில் தவறில்லை. கிடைக்காவிட்டால், என்ன வேலை கிடக்கிறது என்று கேளுங்கள். உங்களுடைய வசனத்தோடு மற்றவர்களின் வசனத்தையும் பாடமாக்குங்கள். ஒருநாள் அதைச் சொல்ல வேறு ஆளில்லாமல் போகலாம்.

2003இல் அந்த நாடகம் மேடையேறியபோது மகளாக ஒரு பெண்பிள்ளையே நடித்தாள். எழுதிய மாணவி கொப்பி பிடித்தாள். நான் முதன்முறையாகச் சபையில், கதிரையில் இருந்து பார்த்தேன். நாலாவது காட்சியில் புதிய தகப்பன் பேசாமல் நின்றார். பக்கத்திரையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சபையும் பேசாமல் இருந்தது.