கொடுத்த கைக்குக் கணக்குச் சொல்வோம்

(சங்கப் பொதுக்குழுவில் நிகழ்த்திய உரை)



பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த நாம், நம் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகம் கட்டக் குடும்பத்துக்கு நூறு ரூபாய் போட்டோம். ஓராண்டில் திறப்போம் என்று நிர்வாகிகளாகிய நாங்கள் இதே மேடையில் வாக்குக் கொடுத்தோம். இரண்டாண்டு ஓடிவிட்டது. சுவர் நிற்கிறது, கூரை இல்லை. போன வாரம் வீட்டு வேலை செய்யும் ஒரு தாய் எங்களை நிறுத்தி, "அண்ணாச்சி, எங்க நூறு ரூவா என்னாச்சு?" என்று கேட்டார். எங்களில் சிலருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம் தவறு என்று சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறோம்.

பலர் பணம் போட்டு ஒரு காரியத்தை முடிப்பது இன்று உலகெங்கும் நடக்கிறது. அமெரிக்காவில் 2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் நிறுவனத்தின் வழியாக ஒருவர் தம் திட்டத்தை அறிவிப்பார். விரும்பியவர்கள் முன்பணம் போடுவார்கள். 2014-இல் 'கூலஸ்ட் கூலர்' என்ற குளிர்பெட்டிக்கு 62,642 பேர் 1 கோடியே 32 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2015 பிப்ரவரியில் தருவதாக வாக்கு. என்ன நடந்தது? பணம் போட்டவர்கள் காத்துக் கிடக்க, அதே பெட்டியைப் புதியவர்களுக்கு விற்றார்கள். சீக்கிரம் வேண்டுமானால் மேலும் 97 டாலர் கொடுங்கள் என்று 2016-இல் கேட்டார்கள். 2019-இல் கம்பெனியே மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்குப் பெட்டி வரவே இல்லை.

2014-லேயே கிக்ஸ்டார்ட்டர் தன் விதியைத் தெளிவாக எழுதி வைத்தது. திட்டத்தை முடிக்க முடியாதவர் என்ன வேலை நடந்தது, பணம் எப்படிச் செலவானது, எது தடுக்கிறது என்று விளக்க வேண்டும்; மிச்சமிருக்கும் பணத்தைத் திருப்பித் தர முன்வர வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் அதைக் கேட்டு வாங்க, பணம் போட்டவர்களுக்கு ஒரு சங்கம் இல்லை. ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள்.

நம் நாட்டில் வேறொன்று நடந்தது. 1976-இல் வந்த 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தின் பால் கூட்டுறவு உழவர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். சியாம் பெனகல் படத்தை முடித்துக் காட்டினார். தங்கள் பணத்தில் உருவான படத்தைப் பார்க்க அவர்கள் லாரி லாரியாக வந்தார்கள். அந்த இரண்டு ரூபாய்க்குப் பின்னால் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். கேள்வி கேட்க உரிமை உள்ளவர்.

தோழர்களே, ரயில்வே எழுத்தர் வேலையில் நாங்கள் கண்ட பாடம் ஒன்று உண்டு. வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் மக்கள் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் நடைமேடை கொதிக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், வண்டி புறப்படுமுன் சீட்டை ஒப்படைத்தவருக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். பயணிக்குள்ள அந்த உரிமை நம் தாய்க்கு இல்லையா?

தாமதத்துக்குக் காரணம் உண்டு. அனுமதித் தாள் மேசைக்கு மேசை நகர்கிறது. இரும்பு விலை ஏறிவிட்டது. அது எங்கள் குற்றமல்ல. ஆனால் எட்டு மாதம் அதை உங்களிடம் சொல்லாமல் வாய்மூடி இருந்தோமே, அது எங்கள் குற்றம். அதற்காகத் தலைகுனிகிறோம்.

இனி மாதந்தோறும் முதல் ஞாயிறன்று வரவு செலவுக் கணக்கு சங்கப் பலகையிலும் இந்த இதழிலும் வரும். தேதி தள்ளிப்போனால் காரணத்தோடு புதுத் தேதி சொல்வோம். தன் பங்கு திரும்ப வேண்டும் என்பவருக்குக் கையிருப்பிலிருந்து, முகம் சுளிக்காமல் கொடுப்போம். கணக்கைச் சரிபார்க்க நிர்வாகத்தில் இல்லாத மூவரை, அதில் இருவர் பெண்களாக, இன்றே நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

முதலாளியிடம் கூலிக்குக் கணக்குக் கேட்கிற நாம், நம் வீட்டுக் கணக்கை மூடி வைக்கலாமா? கேளுங்கள் தோழர்களே! கேட்கக் கேட்கத்தான் கூரை ஏறும்.