கணினியின் நினைவும் காப்பாற்ற வேண்டிய வாக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)

மிஷன் பாடசாலையில் படித்து, இப்போது பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் பயின்று வருபவன் நான். "தம்பி, நீ படிக்கிற படிப்பிலை ஏதேனும் ஒன்றை எங்களுக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லு" என்று செயலாளர் அண்ணை கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. மறுக்காததற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. இந்தச் சபைக்கு நான் ஒரு கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை முதலிற் சொல்லிவிட்டுப் பின்னர் விடயத்துக்கு வருகிறேன்.

சென்ற வருடம் விழாவுக்கான பணம் சேர்த்த நாட்களில், அன்றன்று கிடைத்த தொகைகளைப் பொருளாளர் ஐயா துண்டுக் கடதாசிகளில் குறித்து வருவார். மாலையில் அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் என் மடிக்கணினியில் ஏற்றுவேன். கடைசி நாள் மாலை 41 பெயர்கள். முடிந்ததும் ஐயா கேட்டார்: "எல்லாம் பதிஞ்சாச்சோ தம்பி?" "ஓம் ஐயா, பதிஞ்சாச்சு. இனித் துண்டுகள் தேவையில்லை" என்றேன். ஐயா துண்டுகளைக் கிழித்துப் போட்டார். சற்று நேரத்தில் மின்சாரம் நின்றது. என் கணினியின் மின்கலம் பழையது. அதுவும் உடனே அணைந்தது. மறுநாள் கணக்குக் கோப்பைத் திறந்தால் அது திறக்கவேயில்லை. பாதி பழையதும் பாதி புதியதுமாகச் சிதைந்து கிடந்தது. முதல் நாள் எடுத்து வைத்த பிரதிதான் மிஞ்சியது. அந்த 41 பெயர்களும் போய்விட்டன.

பணம் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் யார் தந்த பணம் என்று சொல்ல வழியில்லை. எழுபது வயதைக் கடந்த பொருளாளர் ஐயா மறுபடியும் படலை படலையாக ஏறி இறங்கினார். ஓர் ஆச்சி அவரைப் பார்த்து, "நான் தந்த காசு கணக்கிலை இல்லையோ மோனை?" என்று கேட்டாராம். ஒருவரும் அவரைச் சந்தேகித்தோம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆயினும் நாற்பது வருடம் பிறர் பணத்தைக் கையாண்டும் ஒரு கேள்விக்கும் இடம் வைக்காத ஒருவரை, என்னுடைய "பதிஞ்சாச்சு" என்ற ஒரு சொல் வாசலிலே நிறுத்திக் கேள்வி கேட்க வைத்தது. அந்தச் சொல் ஏன் பொய்யாயிற்று என்று ஆராயப் போனபோதுதான் இன்றைய விடயம் எனக்குக் கிடைத்தது.

கணினிக்கு இரண்டு வகை நினைவு உண்டு. ஒன்று பிரதான நினைவகம். அது மிகவும் வேகமானது; ஆனால் மின்சாரம் நின்றால் அதிலுள்ள யாவும் மறைந்துவிடும். கரும்பலகையில் எழுதும் கணக்குப் போன்றது அது. மற்றையது வன்தட்டுப் போன்ற சேமிப்பகம். அது வேகம் குறைந்தது. ஆனால் மின்சாரம் போனாலும் எழுதியது நிற்கும். அது கொப்பியில் எழுதும் கணக்கு. கணினி பெரும்பாலும் முதலிற் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஆறுதலாகக் கொப்பியில் ஏற்றும். "இப்போதே கொப்பியில் ஏற்று, ஏற்றி முடிந்தபின் எனக்குச் சொல்" என்று கட்டாயப்படுத்துவதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. நல்ல கணக்கு மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் அந்தக் கட்டளையைக் கொடுக்கும்.

என்னுடைய கணக்கு மென்பொருளும் கொடுத்தது. பின் ஏன் தவறியது? அந்த மென்பொருள் பழையது. புதிய கணினியில் அது ஓடாது. ஆகவே என் கணினிக்குள்ளே மென்பொருளால் ஆக்கிய இன்னொரு கணினியை ஓட்டி, அதனுள் அதை வைத்திருந்தேன். இதை மெய்நிகர் யந்திரம் என்பர். இது புதுமையான எண்ணமன்று; 1960களிலேயே ஐபிஎம் நிறுவனத்தார் ஒரு பெரிய கணினியைப் பல கணினிகள் போல நடக்கச் செய்தனர். இன்று பலரும் உபயோகிக்கும் கியூஎமு என்ற மென்பொருளை 2003 இல் பிரான்சு தேசத்தவரான ஃபப்ரீஸ் பெல்லார் வெளியிட்டார். வங்கிகளும் அரசாங்கங்களும் உபயோகிக்கும் மேகக் கணினிகள் எனப்படுபவையும் பெரும்பாலும் இத்தகைய மெய்நிகர் யந்திரங்களே.

உள்ளே இருக்கும் கணினி தனக்கு ஒரு வன்தட்டு இருப்பதாக நம்புகிறது. உண்மையில் அது வெளிக் கணினியிலுள்ள ஒரு கோப்பு. ஆகவே "கொப்பியில் ஏற்று" என்ற கட்டளை உள்ளேயிருந்து வெளியே வந்து, உண்மையான தட்டு வரைக்கும் போய்ச் சேர வேண்டும். அந்தக் கட்டளையைக் கேளாதது போல விட்டுவிட, இத்தகைய மென்பொருள்களில் ஒரு தெரிவு உண்டு. புதிதாக எதையாவது நிறுவும்போது வேலை விரைவாக முடியட்டும் என்பதற்காக வைக்கப்பட்ட தெரிவு அது. நான் அதை முதல் நாள் தெரிந்தெடுத்தேன்; பிறகு மாற்ற மறந்துவிட்டேன். உள்ளே இருந்த கணக்கு மென்பொருள் ஒவ்வொரு முறையும் "ஏற்றியாயிற்றா?" என்று கேட்டது. "ஆயிற்று" என்ற பதிலும் வந்தது. ஆனால் ஏற்றும்படி கட்டாயப்படுத்தியவர் ஒருவருமில்லை. சில பகுதிகள் தட்டுக்குப் போயின, சில போகவில்லை, எது முந்தியது எது பிந்தியது என்ற ஒழுங்கும் குலைந்தது. கோப்புச் சிதைந்ததன் காரணம் அதுதான்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குச் சாமான் ஏற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அரிசி மூடையைத் துறையில் நிற்பவர் நீட்டுவார். படகில் நிற்பவர் வாங்குவார். படகு ஆடிக்கொண்டேயிருக்கும். வாங்குபவர் "பிடிச்சிட்டன்" என்று சொன்ன பின்னரே கொடுப்பவர் கையை விடுவார். இடையில் நாலு பேர் நின்றாலும் ஒவ்வொரு கைக்கும் இதுவே விதி. பிடிக்கு முன்னரே ஒருவர் "பிடிச்சிட்டன்" என்று சொன்னால் மூடை கடலில். மற்றவர்கள் எவ்வளவு கவனமாக நின்றாலும் பயனில்லை.

இனி, இந்தத் துறையில் அண்மைக் காலத்தில் வந்த ஒரு புதுமையைச் சொல்ல வேண்டும். பிரதான நினைவகத்தின் வேகமும் தட்டின் நிலைபேறும் ஒன்றாகக் கூடிய நினைவகம் அது. அழிதகா நினைவகம் என்று அதைச் சொல்லலாம். ஒரு வகையில் இது பழைய சங்கதியே; 1950களிலும் 60களிலும் கணினிகளில் இருந்த சிறு காந்த வளையங்கள் மின்சாரம் நின்றபோதும் தம் நினைவை இழக்கவில்லை. பின்னர் வந்த குறைகடத்திச் சில்லுகள் மலிவும் வேகமும் தந்தன. ஆனால் நிலைபேற்றைத் தரவில்லை. இன்டெல் நிறுவனம் 2019 இல் ஆப்டேன் என்ற பெயரில் அழிதகா நினைவகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2022 இல் அந்த வியாபாரத்தை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. இன்னொரு வகையும் உண்டு. அதில் சாதாரண நினைவகத்தோடு ஒரு மின்தேக்கி இணைந்திருக்கும். மின்சாரம் நின்ற கணத்தில், மின்தேக்கியில் உள்ள சிறிது சக்தியைக் கொண்டு நினைவகம் முழுவதையும் பக்கத்திலுள்ள நிலையான சில்லுக்குப் பிரதிசெய்துவிடும். ஆபத்து வருமுன்னரே அதற்கான சக்தியை ஒதுக்கி வைத்த புத்தி அது!

இத்தகைய நினைவகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கணினியின் மூளையாகிய செயலி, தான் எழுதுவதை நேரே நினைவகத்துக்கு அனுப்புவதில்லை. தன் பக்கத்திலுள்ள சிறிய பதுக்கு நினைவகத்தில் 64 பைற்றுத் துண்டுகளாக வைத்திருக்கும். அங்கே இருப்பது பொதுவாக மின்சாரத்தோடு போய்விடும். ஆகவே "பதுக்கில் உள்ளதை இறக்கு" என்றும், "அது முடியும்வரை அடுத்ததைத் தொடங்காதே" என்றும் மென்பொருள் கட்டளையிட வேண்டும். ஒழுங்கும் முக்கியம். பெயரையும் தொகையையும் முதலில் எழுதி இறக்கி, அதன்பின்னரே "இந்தப் பதிவு செல்லும்" என்ற அடையாளத்தை எழுத வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் அடையாளமில்லாத பதிவைத் தள்ளிவிடலாம். அடையாளத்தை முந்தி எழுதினால், வெற்றுக் காசோலையில் கையொப்பம் வைத்த கதையாகும்.

இதை மெய்நிகர் யந்திரத்துக்குள் கொண்டுபோனால் சிக்கல் இரட்டிக்கிறது. கியூஎமு, உள்ளிருக்கும் கணினிக்கு "உனக்கு அழிதகா நினைவகம் இருக்கிறது" என்று காட்டும். அதன் பின்னால் வெளியே உண்மையான அழிதகா நினைவகம் இருந்தால் நன்று. ஆனால் ஒரு சாதாரணக் கோப்பையும் பின்னால் வைக்கலாம். அப்போது நடப்பதென்ன? உள்ளே இருப்பவர் விதிப்படி பதுக்கிலிருந்து இறக்குகிறார்; காத்திருக்கிறார்; "இனிப் பயமில்லை" என்று நம்புகிறார். அவர் இறக்கியதோ வெளிக் கணினியின் சாதாரண நினைவகத்தில், அதாவது கரும்பலகையில், கிடக்கிறது. அதை வெளிக் கணினி எப்போது தட்டில் ஏற்றும் என்பது அவருக்குத் தெரியாது, கேட்கவும் வழியில்லை. வெளிக் கணினி விழுந்தால் அவருடைய விதிமுறை முழுவதும் வீண்.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் செய்யப்பட்டன. உண்மையான அழிதகா நினைவகத்தின் மேல் கோப்பு இருக்குமானால், உள்ளே எழுதியது மட்டுமல்ல, அந்தக் கோப்பின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் நிலைத்திருக்க வேண்டும். அந்த உறுதியைக் கேட்டுப் பெறும் வசதி 2018 இல் வெளியான லினக்ஸ் 4.15 இல் வந்தது. வெளியே சாதாரணக் கோப்புத்தான் இருக்குமானால், உள்ளேயிருந்து "தட்டில் ஏற்று" என்று வெளியே கேட்பதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி 2019 இல் வெளியான லினக்ஸ் 5.3 இல் சேர்ந்தது. உள்ளே இருப்பவர் கேட்பார். வெளியே இருப்பவர் ஏற்றி முடித்தபின் பதில் சொல்வார். துறையில் நிற்பவருக்குப் படகிலிருந்து "பிடிச்சிட்டன்" என்ற குரல் கேட்கும் ஏற்பாடுதான் அது.

இன்னுமொரு சிறிய விடயம் என் மனத்தைத் தொட்டது. நிலைபேறு வேண்டுமென்று நாம் கேட்டு, வெளியே அதற்கான வசதி இல்லாவிட்டால், கியூஎமு அதை மறைப்பதில்லை. நிலைபேற்றை உறுதிசெய்ய முடியவில்லை, அது இல்லாமலே தொடர்கிறேன், வெளிக் கணினி விழுந்தால் தரவு சிதையக்கூடும் என்ற கருத்தில் ஓர் எச்சரிக்கை காட்டும். அதை வாசியாமல் போவது நம் தவறு. மிஷன் பாடசாலையில் எமக்கு விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர், செய்யாத பரிசோதனைக்கு முடிவு எழுதிய கொப்பியைத் திருப்பித் தந்து, "வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுது" என்பார். அந்தப் பாடத்தை ஒரு மென்பொருள் கற்றிருக்கிறது, நான்தான் மறந்திருந்தேன்.

நம் தீவுகளில் இருப்போருக்கு இது தூரத்து விடயமல்ல. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. இம்மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்று, மின்கலம் ஆகியன கலந்த மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பெருநிலத்திலும் 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். 2023 டிசம்பர் 9 இலும் 2025 பெப்ரவரி 9 இலும் நாடு முழுவதும் இருண்டது. மின்சாரம் எப்போதும் இருக்கும் என்று எண்ணிச் செய்த மென்பொருளை நாம் அப்படியே நம்பக் கூடாது. இப்போது நான் எதையும் சங்கத்துக்குக் கொடுக்குமுன் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்கிறேன். ஒரு முறையல்ல, பல முறை. மீண்டும் எழுந்தபின் "பதிந்தாயிற்று" என்று சொன்ன ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறேன். வேகம் குறைகிறது, குறையட்டும்.

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறேன். எழுதியது நிலைத்து நிற்பது ஒன்று. அதற்கு வேறிடத்தில் ஒரு பிரதி இருப்பது வேறொன்று. 2023 ஆகஸ்ட் 26 இல் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை கப்பம் கேட்கும் தீய மென்பொருளால் தாக்கப்பட்டது. மே 17 முதல் அன்றுவரை உள்ள மின்னஞ்சல்களுக்குப் பிரதி இல்லாமையால் அவை மீளவில்லை. எழுதும்போது அவை ஒழுங்காகத்தான் எழுதப்பட்டிருந்தன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. 1990 இல் தீவுகளை விட்டு ஓடிய குடும்பங்களில் காணி உறுதியைத் தொலைத்தவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பார்கள். பிரதியின் அருமையை அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இவ்வருடக் கணக்கைக் கணினியில் ஏற்றும் பொறுப்பை மறுபடியும் என்னிடமே தந்திருக்கிறார் பொருளாளர் ஐயா. நான் தயங்கினேன். "தவறினவனுக்குத்தான் தம்பி இடம் தெரியும்" என்றார். ஒவ்வொரு மாலையும் கணினியில் ஏற்றி, அச்சிட்டு, வேறோர் இடத்தில் ஒரு பிரதி வைத்து, மறுநாள் திறந்து பார்த்தபின்னரே அவரிடம் "பதிஞ்சாச்சு" என்று சொல்கிறேன். அவரும் அதன்பின்னரே துண்டுகளைக் கிழிக்கிறார். போன வருடம் பெயர் விடுபட்டவர்களுள் 38 பேரை அவர் நடந்து தேடிப் பிடித்துவிட்டார். மிகுதி மூவர் யாரென்று இன்னும் தெரியவில்லை. இந்தச் சபையில் அவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து என்னிடம் வாருங்கள். கொப்பியோடு வாசலில் நிற்பேன்.