பழி யாருடையது?

(ஹட்டனில் ஆற்றிய உரை)



2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நமது டயகமத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் வேலைக்கு நின்ற வீட்டிலே தீக்காயமுற்று, வைத்தியசாலையில் உயிர் நீத்தாள். அவளுக்கு வயது 16. அடக்கம் செய்த உடலை அம்மாத இறுதியில் தோண்டியெடுத்து மீண்டும் பரிசோதிக்க நேர்ந்தது. வீதியிலும் முகநூலிலும் நீதி கேட்டுக் குரல் எழுந்தது. அதிலே பெண்களின் குரல் ஓங்கி நின்றது.

ஆனால், உடனே வேறொரு குரலும் கேட்டது. “பெற்றவள் ஏன் அனுப்பினாள்?” என்றனர் சிலர். வேறு சிலர் அம்மரணத்தை ஓர் இனத்தை வசைபாடும் வாய்ப்பாக்கினர். லயத்து அடுப்பு எரியாத கொடுமையை அறிந்த நாமே, பழியைத் தாயின் தலையில் சுமத்தலாமா?

இது புதிய வழக்கமன்று. 2018இல் தமிழ்நாட்டிலே பாடகி சின்மயி, புகழ்பெற்ற கவிஞர் ஒருவர்மீது குற்றம் சாட்டினார். கவிஞர் அதனை மறுத்தார். வசைமாரி பொழிந்ததோ சின்மயிமீது! அவ்வாண்டிலேயே பின்னணிக் குரற் கலைஞர் சங்கத்தின் உறுப்புரிமையையும் அவர் இழந்தார். சந்தா பாக்கி என்பது சங்கம் கூறிய காரணம்.

“குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு நியாயம் வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும். வழக்கறிஞனாகிய நான் அதனை மறுக்கமாட்டேன். தீர்ப்பளிக்க வேண்டியது நீதிமன்றமே, முகநூல் அன்று. ஆனால், முறையிட்டவளை ஏசி வாயடைத்துவிட்டால், வழக்கு நீதிமன்ற வாசலை எவ்வாறு அடையும்?

அன்று மீனாட்சியம்மாள் தோட்டக் கூட்டங்களிலே பாட்டுப் பாடி உரிமை கேட்டார். இன்று நம் பெண்களின் கையில் தொலைபேசி இருக்கிறது. கருவி மாறியது, கேட்கும் நியாயம் மாறவில்லை.

சட்டமும் துணை நிற்கிறது. தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. அத்தகைய குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதும் 365சி பிரிவின்படி குற்றமே. ஆகவே, அவளது படத்தைப் பகிராதீர்கள். மிரட்டற் செய்திகளை அழிக்காமல் சான்றாகக் காத்து வையுங்கள். பிள்ளைகளுக்காக 1929, பெண்களுக்காக 1938 என்னும் இலக்கங்களை ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

தோழர்களே! கொழுந்துக் கூடை சுமப்பவளின் சந்தாவினால் நம் சங்கங்கள் வளர்ந்தன. அவள் வாய் திறக்கும் நாளில் நாம் எப்பக்கம் நிற்கப்போகிறோம்? அதைக் கொண்டே நம் அரசியலை வருங்காலம் அளவிடும்.