கட்டணம் கேட்காத ஓவியப் பலகை

ஹைதராபாத் அமீர்பேட்டில் மைத்ரிவனம் பக்கம் போனால், சுவரெல்லாம் கணினிப் பயிற்சி விளம்பரங்கள்தான். வெளியூர்களிலிருந்து வந்து, விடுதியில் தங்கி, கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள் இளைஞர்கள். கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பெங்களூரு சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதி இதற்கு ஒரு வழி காட்டியது. கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தன்னார்வலர்கள் துணையோடு அங்கே அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் தொடங்கியது. கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் அங்கே கணினியில் படம் வரையவும் கற்றார்கள்.

கருவி, ஜிம்ப்.

அமெரிக்காவின் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995-இல் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் இது. உரிமக் கட்டணம் கிடையாது. பழைய கணினியிலும் ஓடும். கோடுகளை ஓர் அடுக்கிலும் வண்ணத்தை இன்னோர் அடுக்கிலும் வைக்கலாம். தவறினால் அந்த அடுக்கை மட்டும் அழித்தால் போதும். தாளும் வண்ணமும் வாங்கக் காசில்லாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சுதந்திரம்!

அமீர்பேட்டில் ஆசிரியர்களுக்கும் கணினிகளுக்கும் பஞ்சமில்லை. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் ஒரு வகுப்பறையை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால், அங்கேயும் இது நடக்கும்.