ஓவியர் ஈந்த கொடையும் கல்லூரி அளித்த ஆண்டுத்தொகையும்

 

கையில் ஓரளவு பொருள் உண்டு; கல்விச்சாலை ஒன்றுக்கு ஈய வேண்டும் என்னும் விருப்பமும் உண்டு. ஆயினும், ஈந்துவிட்டால் எஞ்சிய நாளை எவ்வாறு கழிப்பது என்னும் அச்சம் கையைப் பிடித்து நிறுத்துகின்றது. முதுமையை எய்தியோர் பலர்தம் நிலை இது. இதனைக் கஞ்சத்தனம் எனல் தகாது. பிள்ளைகள் கையையும் எதிர்பாராது வாழ விரும்பும் மானவுணர்ச்சி அதனுள் உள்ளது. இவ்விருப்பம், இவ்வச்சம் இரண்டிற்கும் இடங்கொடுக்கும் ஏற்பாடு ஒன்று அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் வழங்கி வருகின்றது. அதற்குத் தொடக்கமாகப் பலரும் எடுத்துக்காட்டுவது, ஓர் ஓவியரின் செயலை.

ஜான் டிரம்புல் 1756ஆம் ஆண்டு கனெக்டிகட்டில் பிறந்தவர். இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வை குன்றியவர். விடுதலைப் போரின் தொடக்கத்தில் ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சின்னாள் துணை அலுவலராயிருந்தார். பின்னர் இலண்டன் சென்று ஓவியம் பயின்று, அப்போரின் நிகழ்ச்சிகளை வரிசையாக வரையத் தலைப்பட்டார். உருவங்கள் மெய்யாக அமைய வேண்டும் என்பதற்காக, அந்நிகழ்ச்சிகளில் பங்குகொண்டோரை ஊரூராகத் தேடிச் சென்று, அவர்தம் முகங்களைச் சிற்றுருவங்களாக வரைந்து கொண்டார். விடுதலைச் சாற்றுரையைப் பற்றிய அவரது ஓவியமே இன்று 2 டாலர் தாளின் பின்புறத்தில் அச்சாகியுள்ளது.

நாட்டின் நாடாளுமன்றக் கட்டடத்தை அணிசெய்தவர்க்கும் முதுமையில் வறுமை வந்தது. மனைவியார் 1824இல் மறைந்தார். வருவாய் சுருங்கிற்று. இளமை முதல் காத்துவந்த மூல ஓவியங்கள் மட்டும் கையில் இருந்தன. அவற்றைத் தனித்தனியே விற்றிருந்தால் சிறிது பணம் கிடைத்திருக்கும், தொகுதி சிதறியிருக்கும்.

தமையனார் மகளின் கணவர் பெஞ்சமின் சில்லிமன் அக்காலத்தில் யேல் கல்லூரியில் வேதியியற் பேராசிரியர். அவர் இடைநின்று பேச, 1831இல் ஓர் உடன்படிக்கை எழுந்தது. 28 ஓவியங்களும் 60 சிற்றுருவங்களும் யேல் கல்லூரிக்கு உரியன. கல்லூரி அவற்றிற்கு ஒரு கூடம் அமைத்தல் வேண்டும். ஓவியர் உள்ளளவும் அவர்க்கு ஆண்டுதோறும் 1,000 டாலர் அளித்தல் வேண்டும். அவர் காலத்திற்குப் பின், கூடத்தைக் காண வருவோர் தரும் கட்டணத்தின் ஊதியம் ஏழை மாணவர்தம் கல்விக்குச் செல்லுதல் வேண்டும். தம் அடுத்த வேளைக்கே கவலையுற்றிருந்த 75 அகவை முதியவர், தாம் காணப்போகாத மாணவரையும் அவ்வேட்டில் எழுதி வைத்தார். இத்தனைக்கும் அவர் பயின்றது யேலில் அன்று, ஹார்வர்டில்!

கூடம் 1832இல் திறக்கப்பட்டது. அவர் 1843 வரை, 87 அகவை வரை வாழ்ந்தார். தம் விருப்பப்படி மனைவியாருடன் அக்கூடத்தின் அடியிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். பின்னாளில் ஓவியங்கள் வேறு கட்டடம் புகுந்தபோது அவர்தம் எச்சங்களும் உடன் சென்றன.

இன்று இம்முறை பெரும்பாலும் பணமாகவோ பங்குகளாகவோ நிகழ்கின்றது. ஆயுள் காப்பீட்டுக்காரர் ‘ஆன்யுட்டி’ என்பதுதான் இது. தருபவர் கல்லூரி என்பதே வேறுபாடு. கொடையாளர் ஒரு தொகையை மீளாக் கொடையாக ஒப்படைப்பார். கல்லூரி அவர்க்கு, அல்லது அவர்க்கும் துணைவியார்க்கும், ஆயுள் முழுதும் மாறாத தொகை ஒன்றை அளித்துவரும். எஞ்சுவது கல்லூரிக்கு. வயது ஏற ஏற வீதமும் ஏறும். விகிதங்களைப் பரிந்துரைப்பதற்கென்றே 1927 முதல் ஓர் அமைப்பு அங்கு இயங்குகின்றது. 2024 சனவரியில் அது வகுத்தபடி, 70 அகவையினர்க்கு நூற்றுக்கு 6.3, 80 அகவையினர்க்கு 8.1. எனவே 80 அகவையில் ஒரு இலட்சம் டாலர் ஈந்தவர் ஆண்டுக்கு 8,100 டாலர் பெறுவார். முடிவில் ஈந்ததிற் பாதியளவேனும் கல்லூரிக்கு எஞ்ச வேண்டும் என்பது அவ்வமைப்பு கொண்ட குறிக்கோள். வருமான வரியிலும் ஒரு பகுதிக்குக் கழிவு உண்டு. வணிக நிறுவனத்திடம் அதே பணத்தைக் கட்டினால் இதனினும் மிகுதியாகக் கிடைக்கக்கூடும். அக்குறைவுதான் கொடை.

இதனைத் தானம் எனலாமா, பண்டமாற்று எனலாமா? சாத்திர தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றுவோர் இவ்வினாவை எழுப்பாதிரார். பயன் கருதாது ஈவதற்கு இது நிகராகாது. அதனை ஒப்புக்கொள்ளுதலே நேர்மை. ஆனால் முழுதும் ஈய இயலாதவர் எதுவுமே ஈயாது போவதினும் இது எவ்வளவோ மேல். சட்டமும் இவ்வெல்லையை அறிந்துள்ளது: கொடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேனும் அறத்தின் பங்காக மதிக்கப்பெறாவிடின், அந்நாட்டு வரிச்சட்டம் இவ்வேற்பாட்டிற்குரிய சலுகையை அளிக்காது.

இடர்களும் உள. ஒப்படைத்த பொருளைத் திரும்பக் கேட்டல் இயலாது. நோய் வந்து பெருஞ்செலவு நேர்ந்தாலும் இயலாது. தொகை மாறாது, விலைவாசியோ மாறும். 70 அகவையில் போதுமானதாயிருந்தது 90 அகவையில் பாதி வயிற்றுக்கே ஆகலாம். எல்லாவற்றினும் பெரிது, ஆண்டுத்தொகைக்குப் பிணை அக்கல்லூரியின் உடைமைகளே என்பது. கல்லூரி நொடித்தால், முதியவர் கடன்காரர் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டியவர்தாம். ஆதலின் கொடுக்குமுன் கல்லூரியின் கணக்கேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தலில் நாணம் வேண்டா. கேட்டதற்காக முகஞ்சுளிக்கும் நிறுவனத்திடமிருந்து விலகிவிடலாம்.

பிள்ளைகளிடம் முன்னரே கூறிவிடுதலும் வேண்டும். தந்தை மறைந்தபின் பெட்டியைத் திறந்து, மீளாக் கொடைச் சீட்டை முதன்முறையாகக் காணும் மகனுக்கு அக்கல்லூரியின் பெயரே கசந்துவிடும். கையொப்பமிடும் நாளன்று அவனையும் உடனழைத்துச் சென்று சாட்சியாக நிறுத்துதல் நன்று.